முகம் உரிக்கும் மருந்து

மாசி, பங்குனி மாதங்களில் நத்தத்திற்கு வருகிறவர்களை முதலில் எதிர்கொள்வது புளியின் மணமே ஆகும். கரந்தமலை அடிவாரத்திலிருந்தும் சுற்றுப்புறத் தோப்புகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் புளியைத் திண்ணைகளிலும் முற்றங்களிலும் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஓடு தட்டி, நார் களைந்து, கொட்டை எடுப்பார்கள். பருவம் முடியும் தறுவாயில் அவர்களுடைய விரல்களைப் பார்க்க வேண்டும். நுனித்தோல் வெளுத்துச் சுருங்கி, மெல்லிய ஏடாக உரிந்திருக்கும். சோறு பிசையும்போது உப்புப் பட்டு எரிகிறது என்பார்கள்.

அதே புளியைக் கொண்டுதான் நம் வீட்டுப் பித்தளைக் குடங்களும் செம்புகளும் பெருநாளுக்கு முன்னர் துலக்கப்பட்டன. களிம்பேறிக் கறுத்துக் கிடந்த குடம் சற்று நேரத்தில் பொன்போல ஒளிவிடுவதைப் பார்த்து, சிறு பெண்கள் தங்கள் கன்னத்திலும் கொஞ்சம் பூசிப் பார்ப்பதுண்டு. அப்போதெல்லாம் என் நன்னி கையைத் தட்டிவிட்டு, “எது அழுக்கு, எது தோல் என்று புளிக்குத் தெரியுமா?” என்று அதட்டுவார்கள்.

முகப்பருவுக்கு அமிலம் பூசித் தோலின் மேலேட்டை உரித்தெடுக்கும் சிகிச்சை இன்று மதுரையிலும் திண்டுக்கல்லிலும் சாதாரணமாகிவிட்டது. ‘பீலிங்’ என்றே மக்கள் அதனைச் சொல்கின்றனர். தோல் மருத்துவர்கள் செய்கின்றனர். அழகு நிலையங்களிலும் செய்கின்றனர். நேற்று மேனாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுமை என்று இதனைப் பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. இது மிகப் பழைய பழக்கம். அதுமட்டுமன்று, இதன் நன்மை தீமைகளைப் பற்றிய வாதமும் மிகப் பழையதே. அந்த வாதத்தில் நம் முன்னோர்களான அறிஞர்கள் கூறிய சொற்கள் இன்றைய மருத்துவ நூல்களோடு வைத்துப் பார்க்கத்தக்கவை.

கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1550 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று உள்ளது. ‘ஈபர்ஸ்’ சுவடி என்பது அதன் பெயர். முகத்தோலைச் செப்பனிட வெண்கல் பொடி, உப்பு, தேன் முதலியவற்றைக் குழைத்துத் தேய்க்கும் முறை அதில் கூறப்பட்டுள்ளது. எகிப்திய அரசி கிளியோபாத்ரா கழுதைப் பாலில் நீராடினாள் என்ற கதையை எல்லோரும் அறிவர். கதை எப்படியாயினும், புளித்த பாலில் லாக்டிக் அமிலமும், பழைய திராட்சை ரசத்தின் கசடில் டார்டாரிக் அமிலமும் உண்டு என்பது உண்மை. பெயர் தெரியாமலேயே அவற்றைப் பழங்கால மக்கள் முகத்தில் பூசி வந்தனர்.

அரபு நாட்டின் செய்தி இதனினும் சுவையானது. ‘காஷிரா’ என்று அரபியில் ஒரு சொல் உண்டு. உரிப்பவள் என்பது அதன் பொருள். மருந்திட்டுத் தன் முகத்தையோ பிறர் முகத்தையோ உரித்து நிறத்தைத் தெளிவாக்கும் பெண்ணுக்கு அது பெயர். உரித்துக்கொள்பவளுக்கு ‘மக்ஷூரா’ என்று பெயர். ஒரு தொழிலைச் செய்பவளுக்கும் செய்வித்துக் கொள்பவளுக்கும் தனித்தனியே பெயர் இருந்ததென்றால், அத்தொழில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியில் இவ்விளக்கம் காணப்படுகிறது. அப்பெண்கள் பூசிய மருந்துக்கு ‘கும்ரா’ என்று பெயர். அது குங்குமப்பூவைப் போன்ற மஞ்சள் நிறப் பொருளால் ஆனது என்று சிலர் கூறினர். பேரீச்சம் பழத்தையும் பாலையும் கலந்து, தோல் மெலிவடையும் வரை முகத்திலும் கையிலும் பூசுவது என்று வேறு சிலர் கூறினர். பாலும் பழமும் கலந்த கலவை அரபு நாட்டு வெயிலில் எத்தனை நாழிகை புளிக்காமல் இருக்கும்? புளித்த பாலின் அமிலமே அங்கும் வேலை செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரபு வணிகர்கள் நம் புளியைக் கண்டு அதற்குச் சூட்டிய பெயர் ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை. ஆங்கிலேயர் அதையே ‘டாமரிண்ட்’ ஆக்கிக்கொண்டனர். அரபுப் பெண்கள் பேரீச்சையைப் பூசினர். நத்தத்துச் சிறுமியர் இந்தியப் பேரீச்சையைப் பூசி நன்னியிடம் அடி வாங்கினர்.

முகத்தை உரிப்பவளையும் உரித்துக்கொள்பவளையும் கண்டிக்கும் ஒரு நபிமொழி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் ‘முஸ்னத்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் முடிவு. ஆகவே அதனைக் கொண்டு சட்டம் பேச நான் முன்வரவில்லை. அது ஆலிம்களின் வேலை. எனினும் அதற்கு விளக்கம் எழுதியவர்களின் சிந்தனை சென்ற திசை நம் வரலாற்றுக்கு மிக முக்கியமானது. ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) பக்தாதில் மறைந்த இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் பெண்களுக்குரிய சட்டங்களைப் பற்றி எழுதிய ‘அஹ்காமுந் நிஸா’ என்னும் நூலில் இதனை எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தை உரிப்பது உடனடியாக அழகைத் தருவதுபோலத் தோன்றினாலும், பின்னர் தோல் அதனால் துன்பமுறக்கூடும் என்பது அவர்கள் சுட்டிய காரணங்களுள் ஒன்று. அதே இடத்தில், முகத்தில் படர்ந்த கரும்படலத்தைப் போக்கும் மருந்துகளில் தவறு காணவில்லை என்றும் கூறுகிறார்கள். நோயை நீக்கும் மருந்து வேறு, நிறத்தை மாற்றும் உரிப்பு வேறு என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், நுண்ணோக்கியும் வேதியியலும் இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட சொல் இது.

ஹகீம்களும் இத்துறையைப் புறக்கணிக்கவில்லை. இப்னு ஸீனா (980–1037) தம் ‘கானூன்’ நூலின் நான்காம் பாகத்தில் தோல், முடி ஆகியவற்றின் அழகுக்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கினார். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீ தம் முப்பது பகுதிகள் கொண்ட ‘தஸ்ரீஃப்’ நூலில் பத்தொன்பதாம் பகுதியை ஒப்பனை மருந்துகளுக்கே அளித்தார். அழகு மருத்துவத்தை மருத்துவத்தின் ஒரு கிளையாகவே அவர்கள் கருதினர் என்பது இதனால் விளங்கும். யூனானி நூல்கள் முகப்பருவைப் ‘புஸூரே லபனிய்யா’ என்று அழைக்கின்றன. பிதுக்கினால் பால்போல் வெண்ணிறப் பொருள் வெளிப்படுவதால் ‘பால் கொப்புளம்’ என்னும் இப்பெயர் வந்தது. கருஞ்சீரகத்தைக் காடியில் அரைத்துப் பூசுவது அதற்கு அவர்கள் கையாண்ட மருந்துகளுள் ஒன்று. காடி என்பது அசிட்டிக் அமிலம். ஆக, அமிலம் அன்றும் இருந்தது. இல்லாதது, அதன் வலிமையை அளந்தறியும் கருவி ஒன்றுதான்.

அளவு ஐரோப்பாவில் பிறந்தது. சுவீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் கார்ல் ஷீலே என்பவர் 1769இல் டார்டாரிக் அமிலத்தையும், 1780இல் லாக்டிக் அமிலத்தையும், 1784இல் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தையும் தனித்தனியே பிரித்தெடுத்தார். 1834இல் கரித்தாரிலிருந்து ஃபீனால் கிடைத்தது. வில்லோ என்னும் மரத்தின் பட்டைச் சத்திலிருந்து 1838இல் சாலிசிலிக் அமிலம் உருவாக்கப்பட்டது. 1874இல் ஜெர்மனியில் அதற்குத் தனி ஆலையே எழுந்தது. 1882இல் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் உன்னா என்பவர் சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம், ஃபீனால் ஆகிய நான்கும் தோலில் எவ்வாறு செயல்படுகின்றன என்று எழுதினார். இன்றைய சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

பின்னர் வந்த அரை நூற்றாண்டு அவ்வளவு பெருமைக்குரியதன்று. நியூயார்க்கில் மக்கீ என்ற மருத்துவர் 1903இலேயே முகப்பருத் தழும்புகளுக்கு ஃபீனால் பூசத் தொடங்கினார். தம் அனுபவத்தை அவர் வெளியிட்டதோ 1952இல். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் மருத்துவம் பயிலாத சிலர் ‘இரகசிய மருந்து’ என்று சொல்லி அதே ஃபீனாலைச் செல்வச் சீமாட்டிகளின் முகத்தில் பூசிப் பணம் குவித்தனர். ஃபீனால் தோலில் நின்றுவிடும் பொருளன்று, இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும், சிறுநீரகத்தையும் தாக்கும். இரகசியம் என்ற சொல் மருந்துப் புட்டியின் மேல் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

மென்மையான அமிலங்களின் பக்கம் மருத்துவ உலகம் திரும்பியது 1974இல். பிலடெல்பியாவில் வான் ஸ்காட், யூ என்னும் இருவர், பழத்திலும் பாலிலும் கரும்பிலும் உள்ள அமிலங்கள் மீன் செதில்போல் தடித்த தோலை உதிரச் செய்வதைக் கண்டறிந்தனர். அவற்றுள் மிகச் சிறிய மூலக்கூறு கொண்டது கிளைக்காலிக் அமிலம். சிறியதாகையால் எளிதில் உள்ளே இறங்கும். பின்னர் முகப்பரு மருத்துவத்திலும் அது புகுந்தது. கரும்புச் சாற்றில் இருக்கும் அமிலம் என்று விளம்பரம் செய்வார்கள். மருந்தாக வருவது ஆலையில் தயாரானதே.

இனி, பருவுக்கும் உரிப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. அடைபட்ட எண்ணெயில் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. சிவந்து வீங்கிச் சீழ் கோக்கிறது. அமிலம் செய்வதெல்லாம், அந்த இறந்த செல்களைப் பிணைத்திருக்கும் பசையைத் தளர்த்தி வாயைத் திறந்துவிடுவதே. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் இயல்புடையது. ஆகவே எண்ணெய் நிறைந்த மயிர்க்காலுக்குள் அது இறங்கிவிடும். பருவுக்கு மற்ற அமிலங்களைவிட அது ஏற்றது என்பதற்குக் காரணம் இதுதான். மருத்துவர்கள் 20 முதல் 30 விழுக்காடு வலிமையில் அதனைப் பூசுகின்றனர். சில நிமிடங்களில் முகத்தில் உப்புப் பூத்தாற்போல் வெண்மை தோன்றும். அது தோல் வெந்ததன்று, அமிலம் படிகமாக நின்றதாகும். அத்துடன் அதன் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். கிளைக்காலிக் அமிலம் அவ்வாறு தானே நிற்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, உரிய நிமிடத்தில் சோடா உப்புக் கரைசலால் அதன் வீரியத்தை முறிக்க வேண்டும். தாமதித்தால் அது மேலும் கீழே இறங்கும். ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் தோன்றும் வெண்மையோ உண்மையாகவே தோலின் புரதம் உறைந்ததன் அடையாளம். பார்வைக்கு இரண்டும் வெண்மைதான். பழகிய கண்ணுக்கே வேறுபாடு தெரியும்.

திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் வாழ்நாளைக் கழித்த நம் பெரியவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வார்கள். மயிர் கழிய ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் இடும்போது, எடுக்க வேண்டிய நேரம் தப்பினால் தோலின் முகமே கெட்டு விலைக்கு ஆகாது. இறந்த ஆட்டின் தோலுக்கே அவ்வளவு கணக்கு இருந்தது.

உயிருள்ள முகத்தின் கணக்கு எப்படிப்பட்டது? மேல்தோல் முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதன் அடித்தட்டில் நிறம் தரும் செல்கள் அமர்ந்திருக்கின்றன. வெள்ளையருக்கும் நமக்கும் அச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. நம்முடையவை சுறுசுறுப்பு மிகுந்தவை. நம் நாட்டு வெயிலைத் தாங்க நமக்கு அருளப்பட்ட குடை அது. ஆனால் காயமோ சூடோ எரிச்சலோ பட்டால் அச்செல்கள் கலவரமடைந்து கறுப்பைக் கொட்டிவிடும். பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பதும் இதனால்தான். அளவு தவறிய அமிலம் பட்ட கன்னம் முன்னிலும் கறுத்துப் போவதும் இதனால்தான். வெள்ளைத் தோலில் சிவந்து மறையும் தவறு, நம் தோலில் மாதக்கணக்கில் எழுதி வைக்கப்படுகிறது.

மேனாட்டு மருத்துவமோ நெடுநாள் நம் தோலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வெயிலைத் தாங்கும் திறனை வைத்துத் தோலைத் தரம் பிரித்தார். அந்த முதற்பட்டியலில் இருந்தவை வெள்ளையரின் தோல் வகைகள் மட்டுமே. மாநிறமும் கறுப்பும் பின்னர்தான் ஐந்தாம், ஆறாம் வகைகளாகச் சேர்க்கப்பட்டன. கறுத்த தோலுக்குச் சாலிசிலிக் அமிலம் ஏற்றதா என்று ஆராய்ந்து பியர்ல் கிரைம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் வெளியிட்ட கட்டுரை 1999இல் வந்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் நம் நாட்டவருக்கென்று வழிகாட்டும் விதிகளை வெளியிட்டது 2008இல். மேலேட்டை மட்டும் தொடும் உரிப்பு நமக்குப் பொதுவாகத் தீங்கற்றது. நடுத்தர ஆழத்திற்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஃபீனால் கொண்டு செய்யும் ஆழ்ந்த உரிப்பு இந்தியத் தோலுக்கு வேண்டாம் என்பது அவற்றின் சாரம். பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்பதும் அதில் அடங்கும். உன்னா எழுதிய 1882க்கும் இந்த 2008க்கும் இடையே 126 ஆண்டுகள்!

உரிப்பினால் பரு அடியோடு தீர்ந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அது துணை மருந்து. அடைப்பையும் கரும்புள்ளியையும் குறைக்க உதவும். இரவில் பூசும் அடாபலீன், கிருமியை அடக்கும் பென்சாயில் பெராக்சைடு போன்றவையே முதல் மருந்துகள். அவற்றின் விலையும் குறைவு. இரண்டு மூன்று மாதங்கள் பொறுக்க வேண்டும் என்பதே அவற்றின் குறை. நம் வீடுகளில் பொறுக்க முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் பரு அன்று, நிக்காஹ். குமர் இருக்கும் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் எலுமிச்சம் பழத்தை நறுக்கிக் கன்னத்தில் தேய்ப்பதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். எலுமிச்சைச் சாறு சாதாரணப் பொருளன்று, கடும் புளிப்பு. அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துக் கறுக்கும். பருவின் மேல் பற்பசை வைப்பவர்களும் உண்டு. இவற்றினும் கொடியது, சிவப்பாக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சில வாரங்களுக்கு முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மத்திய அரசு 2018இல் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, களிம்பும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

என் உறவில் ஒரு பெண். நத்தத்தில் பிறந்து வளர்ந்தவள், பெயர் வேண்டாம். பத்தொன்பது வயதில் கன்னம் நிறையப் பரு. நிச்சயம் முடிந்து நிக்காஹுக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது, வெளியூர் அழகு நிலையம் ஒன்றுக்கு அவளுடைய அம்மா அழைத்துச் சென்றார். ஏதோ ஓர் அமிலம் பூசினார்கள். எரிகிறது என்று அவள் சொன்னபோது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பொருள் என்றார்களாம். மூன்றாம் நாள் தோல் உரிந்தது. அடியில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்ததைக் கண்டு வீடே மகிழ்ந்தது. பத்தாம் நாளிலிருந்து இரு கன்னங்களிலும் சாம்பல் கலந்த கறுப்புப் படரத் தொடங்கியது. இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்களின் வாசகம் எனக்கு அப்போது தெரியாது. பின்னர் அதைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அவளுடைய முகம்தான்.

திண்டுக்கல்லில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் முகத்தைத் தொடுவதற்கு முன்னர் கேள்விகள் கேட்டார். பரு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, ஆஸ்பிரின் மாத்திரை ஒத்துக்கொள்ளுமா, உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்ததுண்டா, வேறு என்ன களிம்பு பூசினாய், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டாயா, வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முறைப்படி உரிக்க வேண்டுமென்றால் அதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே மருந்து பூசித் தோலைப் பழக்க வேண்டும். முதலில் காதின் பின்புறத்தில் சிறிது வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்த வலிமையில் தொடங்க வேண்டும் என்று விளக்கினார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழகு நிலையத்தில் எந்த அமிலம், என்ன வலிமை என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நிக்காஹை ஒத்திப்போடலாமா என்று இரு வீட்டாரும் பேசினர். மாப்பிள்ளையின் அத்தா, முகத்துக்காகத் தேதியை மாற்றுவதாவது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். குறித்த நாளிலேயே நத்தத்தில் நிக்காஹ் நடந்தது. கறுப்பு மங்க ஏறத்தாழ பத்து மாதங்கள் ஆயின. வெயில் தடுப்புக் களிம்பும், இரவில் ஒரு பட்டாணி அளவு அடாபலீனும், இவ்வளவுதான் மருந்து. பருவும் அதிலேயே அடங்கிற்று. போன பங்குனியில் பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர்களோடு அமர்ந்தவள், பிள்ளை புளியைத் தொட்டுக் கன்னத்தில் பூசப் போனதும் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.